காந்தக் கவசமும் அதன் கணநேர வாயில்களும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் கலையுங்கால் நம் இளைஞர் சிலர் எம்மைச் சூழ்ந்து நின்று ஒரு வினா எழுப்பினர். பூமியைச் சுற்றியுள்ள காந்தக் கவசத்தில் எட்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு வாயில் திறக்கின்றதாம். அதன் வழியே சூரியனிலிருந்து வருந் துகள்கள் உட்புகுகின்றனவாம். இது மெய்தானா, மெய்யாயின் நமக்கு நேருங் கேடு யாது என்பதே அவ்வினா. அருகிருந்த அம்மையார் ஒருவர், இச்செய்தியைக் கைப்பேசியிற் கண்ட நாள்முதல் தம் பேரன் இரவில் விளக்கணைக்க விடுவதில்லை என்றுங் கூறினர். ஆதலின், இலக்கியப் பொருளொன்று பேசுவதாக ஒப்பியிருந்த யாம் அதனை அடுத்த மாதத்திற்கு ஒதுக்கிவிட்டு இதனையே எடுத்துக்கொண்டோம். தமிழ்ப் பண்டிதர்க்குக் காந்த நூலில் என்ன வேலை என்று முன்வரிசையிற் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகின்றது. தமிழிற் சொல்லக்கூடியது எதுவோ அது தமிழாசிரியர்க்கும் உரியது என்பது எம் கொள்கை.

முதற்கண், அச்செய்தி பொய்யன்று. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க நாஸா நிறுவனத்தார் இந்நிகழ்ச்சிகளைப் பொதுமக்கட்கு விளக்கப் புகுந்தபோது 'வாயில்' என்னும் பொருள்படுஞ் சொல்லைத் தாமே வழங்கினர். சொல் கவர்ச்சியாயிருந்தமையின் ஊரெங்கும் பரவிற்று. ஆனால், வாயில் என்றவுடன் கதவும் நிலையும் உள்ளதோர் ஓட்டையை நாம் நினைந்துகொள்கின்றோம். அங்கே நிகழ்வது வேறு. அதனை அறிதற்குக் கவசம் என்பது யாது என்று சிறிது காண்டல் வேண்டும்.

காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்பதைச் சிறுவரும் அறிவர். பூமியே ஒரு பெருங் காந்தமாயிருத்தலின் ஊசி அங்ஙனம் நிற்கின்றது என்று வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1600ஆம் ஆண்டில் நூலெழுதி நிறுவினர். இக்காந்தத்தின் ஆற்றல் நிலத்தோடு நின்றுவிடுவதன்று. வானத்தினுள் நெடுந்தொலைவு பரந்து செல்கின்றது. செல்லச் செல்ல விரைந்து மெலிகின்றது. பூமியின் நடுவிலிருந்து அதன் ஆரத்தைப்போற் பத்து மடங்கு தொலைவு சென்றால், நிலத்திலுள்ள ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். அத்தொலைவு ஏறத்தாழ 64,000 கிலோமீட்டர். சந்திரன் அறுபது ஆரத் தொலைவில் இருப்பதனை நினைவிற் கொண்டால், நாம் பேசும் இடம் சந்திரனுக்குச் செல்லும் வழியில் ஆறில் ஒரு பங்கு என்பது விளங்கும்.

சூரியனிலிருந்து நமக்கு ஒளியும் வெப்பமும் மட்டும் வருவதாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதனின்று மின்னேற்றம் பெற்ற துகள்கள் இடையறாது நாற்புறமும் வீசிக்கொண்டிருத்தல் வேண்டும் என்று யூஜீன் பார்க்கர் என்பார் 1958ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் கூறியபோது அதனை ஏற்றவர் சிலரே. 1962ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம் அக்காற்றினூடே மாதக்கணக்காகச் சென்று அவர் கூற்றை மெய்யாக்கிற்று. காற்று என்கின்றோமாயினும் அதன் நொய்ம்மை நம் கற்பனைக்கும் எட்டாதது. ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் ஐந்தாறு துகள்களே இருக்கும். ஆயின் அதன் வேகமோ நொடிக்கு 400 கிலோமீட்டர் அளவினது. அக்காற்றுச் சூரியனின் காந்தத்தையும் இழை இழையாக உடன்கொண்டு வருகின்றது. இவ்வொன்றனை நம் இளைஞர் மறவாதிருத்தல் வேண்டும்; இன்றைய பொருள் முழுதும் அதன்மேல் நிற்கின்றது.

இக்காற்று பூமியின் காந்தத்தை நேரே வந்து தாக்குமிடத்தில், காற்றின் நெருக்கலும் காந்தத்தின் எதிர்நிலையும் ஒத்து நிற்கும் ஓர் எல்லை உண்டாகின்றது. மேற்கூறிய பத்து ஆரத் தொலைவே சூரியனை நோக்கிய பக்கத்தில் அவ்வெல்லை. காற்று வலுத்தால் அது உள்ளே வரும். தளர்ந்தால் வெளியே செல்லும். எல்லைக்கும் முன்னே, மூன்று ஆரத் தொலைவு தள்ளி, விரைந்து செல்லுங் கப்பலின் முகப்பில் நீர் அலையாய் எழுவதுபோல ஓர் அதிர்வலை நிற்கின்றது. அதனைக் கடந்து வருங் காற்று வேகங் குறைந்து, வெப்பமேறி, கலங்கி, எல்லையை ஒட்டி இருபுறமும் வழிந்தோடுகின்றது. இரவுப் பக்கத்திலோ காந்தம் நீண்ட வாலாகச் சந்திரன் செல்லும் வழிக்கும் அப்பால் இழுக்கப்பட்டுக் கிடக்கின்றது. இவ்வளவு இடத்துக்கும் 'காந்தக் கோளம்' என்ற பொருளில் 1959ஆம் ஆண்டில் தாமஸ் கோல்டு என்னும் அறிஞர் பெயரிட்டனர். முகம் மழுங்கி வால் நீண்ட உருவத்திற்குக் கோளம் என்னும் பெயர் சிறிதும் பொருந்தாது. ஆயினும், வழக்கு வென்றுவிட்ட இடத்தில் இலக்கணம் பேசிப் பயனில்லை.

சூரியனிலிருந்து துகள்திரள் வந்தால் பூமியின் காந்தம் அதனைத் தடுத்து, தனக்கென ஒரு குகையை அமைத்துக்கொள்ளும் என்பதனை 1930, 1931ஆம் ஆண்டுகளிலேயே சிட்னி சாப்மன், வின்சென்சோ ஃபெராரோ என்னும் இருவர் எழுதியிருந்தனர். அவர் காட்டிய குகை அடைபட்டது. வயலைச் சூழ்ந்த வரப்புப்போல எல்லை நிற்கும். புறத்து நீர் புறத்தே, அகத்து நீர் அகத்தே. கண்டவர்க்கு இஃது அழகியதாகவும் போதியதாகவுந் தோன்றிற்று.

ஆனால், வரப்பு முழுதும் அடைபட்டதாயின் உள்ளே ஈரம் எங்ஙனம் வந்தது? நிலத்திலுள்ள காந்த ஊசிகள் சிற்சில நாட்களிற் காரணமின்றி நடுங்குதலை அறிஞர் நெடுநாளாகக் கண்டு வந்தனர். இவ்வரலாற்றில் நம் பொதியமலைக்கும் ஓர் இடமுண்டு என்பது இங்குள்ள பலர்க்கு வியப்பாயிருக்கும். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மகாராஜா நிறுவிய வானாய்வு நிலையத்திற்குத் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் என்பார், 1855ஆம் ஆண்டில் அகத்தியர் மலையின் முடியில், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஒரு நிலையம் அமைத்துக் காந்த அளவைகள் எடுக்கச் செய்தனர். குறுமுனிவர் வீற்றிருந்து தமிழ் வளர்த்தார் என்று நாம் போற்றும் மலைமேல், காடும் மழையும் அட்டையும் பொருட்படுத்தாது, ஊசியின் நடுக்கத்தை நாழிகைதோறும் எழுதிவைத்தனர்! காந்தக் கலக்கம் ஓரூர்க்கே உரியதன்று, உலகமெங்கும் ஒருங்கே நிகழ்வது என்றும், அது சூரியனது சுழற்சியோடு இயைந்து மீண்டும் மீண்டும் வருவது என்றும் அவர் தம் அளவைகளாற் காட்டினர். அவர் காலத்திலேயே, 1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று ரிச்சர்டு காரிங்டன் சூரியன்மேல் ஒரு பேரொளி வெடித்தெழக் கண்டனர். ஒரு நாள் கழிவதற்குள் உலகெங்கும் ஊசிகள் பித்தேறியவைபோல் ஆடின. சூரியனின் ஆற்றல் உள்ளே வருகின்றது என்பதில் ஐயமில்லை. எவ்வழி வருகின்றது என்பதே கேள்வி.

விடை 1961ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டன்ஜி என்னும் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. இரண்டே பக்க அளவான சிறு கட்டுரை. அதன் கருத்தை எம்மால் இயன்றவரை எளிமையாகச் சொல்வோம். காந்தத்தின் ஆற்றல் செல்லும் வழியை விசைக்கோடுகளாக எண்ணுதல் நூலோர் மரபு. பூமியின் முகப்பெல்லையில் அதன் விசைக்கோடுகள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றன. சூரியக் காற்றுக் கொணரும் விசைக்கோடுகளோ ஒருபோது வடக்கு நோக்கும். ஒருபோது தெற்கு நோக்கும். ஒருபோது பக்கவாட்டிற் கிடக்கும். வடக்கு நோக்கிய கோடு வடக்கு நோக்கிய கோட்டின்மேல் வந்து படிந்தால், இரண்டும் நெருங்கி நிற்குமேயன்றி முகப்பில் வேறொன்றும் பெரிதாக நிகழாது. தெற்கு நோக்கிய கோடு வந்து சேர்ந்தாலோ, எதிரெதிர்த் திசையுடைய இரண்டும் ஒட்டுமிடத்தில் ஒன்றையொன்று அழித்து அறுந்துபோகின்றன. அறுந்த முனைகள் சும்மா இரா. இரு வடங்களை அருகருகே வைத்து நடுவில் வெட்டி, ஒன்றன் மேற்பாதியை மற்றொன்றன் மேற்பாதியோடும், கீழ்ப்பாதியைக் கீழ்ப்பாதியோடும் முடிந்தாற்போல, அவை மாறி இணைகின்றன. அதன்பின் அக்கோட்டின் ஒருமுனை பூமியின் துருவத்தில் ஊன்றியிருக்கும். மறுமுனை சூரியக் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். இதனை மீளிணைவு என்போம். இணைந்த கோட்டைக் காற்றுத் தன் வேகத்தோடு துருவத்தின் மேலாக இழுத்துச் சென்று இரவுப் பக்கத்து வாலிற் சேர்க்கின்றது. கோட்டின் வழியே துகள்களும் ஓடலாம், ஆற்றலும் ஓடலாம். வரப்பில் மடை திறந்துவிட்டது.

இக்கருத்தினை உடனே எல்லாரும் ஒப்புக்கொண்டனர் என்று எண்ணற்க. 1966ஆம் ஆண்டில் டொனால்டு ஃபேர்ஃபீல்டு, லாரன்ஸ் கேஹில் என்னும் இருவர், எல்லைக்குப் புறத்தேயுள்ள காந்தம் தெற்கு நோக்கியபோது துருவப் பகுதியில் ஊசிகள் கலங்குதலையும், வடக்கு நோக்கியபோது அமைதி நிலவுதலையும் எக்ஸ்ப்ளோரர் 12 என்னும் துணைக்கோளின் அளவைகளாற் காட்டினர். அது பெருஞ்சான்றேயாயினும், மடை திறந்ததை நேரிற் கண்ட சான்றன்று. நீர் பாய்ந்தமை கண்டு மடை திறந்திருக்கும் என்று கருதிய அனுமானமே. எல்லையைக் கடந்து சென்ற துணைக்கோள்கள் மடையைத் தேடின. தேடியவர்கள், தெற்கு நோக்கிய காந்தம் உள்ளவரை மடை விடாது திறந்தேயிருக்கும் என்று எதிர்பார்த்தனர். எதிர்பார்த்தது கிட்டவில்லை. 1970களின் இடைப்பகுதியில், மீளிணைவு என்பதே அங்கு நிகழ்வதில்லை என்று வெளிப்படையாக எழுதியவரும் இருந்தனர்.

இடர்ப்பாடு கருவியில் இல்லை, தனிமையில் இருந்தது. கண் கட்டப்பட்ட ஒருவர் ஆற்றில் நிற்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். நீர் முழங்காலிலிருந்து இடுப்பிற்கு ஏறுகின்றது. வெள்ளம் வந்ததா, ஓர் அலை கடந்ததா, தாம் நின்ற மணல் சரிந்ததா என்று அவர் ஒருவராற் சொல்ல முடியாது. அருகே மற்றொருவரும் நின்று, எப்போது ஏறிற்று என்று இருவரும் ஒத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். காந்த எல்லையோ ஓரிடத்தில் நில்லாது ஓயாமல் முன்னும் பின்னும் அசைவது. ஒற்றைத் துணைக்கோள் எல்லையைக் கடந்ததா, எல்லை துணைக்கோளைக் கடந்ததா என்பதே தெரியாமற்போயிற்று.

இதற்காகவே நாஸாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் கூடி 1977ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஐ.எஸ்.இ.இ. 1, ஐ.எஸ்.இ.இ. 2 என்னும் இரு துணைக்கோள்களை ஒரே ஏவுகலத்தில் அனுப்பினர். இரண்டும் ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வன. இடைத்தொலைவை வேண்டியவாறு கூட்டவுங் குறைக்கவுங் கூடியன. ஏவிய மூன்றாம் வாரத்திற்குள்ளாகவே, நவம்பர் 8ஆம் நாளில், எல்லையருகே அவை கண்ட காட்சிதான் இன்றைய பேச்சுக்குப் பொருள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ரஸ்ஸல், ரிச்சர்டு எல்ஃபிக் என்னும் இருவர் அதனை 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது யாது? எல்லைக்குச் சற்று அப்பால் அமைதியாயிருந்த காந்தம் திடீரென்று புறநோக்கிச் சாய்ந்தது. ஓரிரு நிமிடத்திற்குள் உள்நோக்கிச் சாய்ந்தது. பின் பழைய நிலையை அடைந்தது. சாய்ந்த இடைநேரத்தில் காந்தத்தின் வலிமையும் மிகுந்திருந்தது. சில நிமிடங் கழித்து அதுவே மறுபடி நிகழ்ந்தது.

நம் ஊரில் தேர் ஓடுங்கால் நிகழ்வதனை நினைந்துகொண்டால் இதன் பொருள் எளிதில் விளங்கும். மாட வீதியில் நெருங்கி நிற்கும் கூட்டத்தினுள்ளே நாமும் நிற்கின்றோம். தேர் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது அணுகுங்கால் முன்னுள்ளோர் ஒதுங்க, நாமும் வீட்டுச் சுவரை நோக்கி நெருக்கப்படுகின்றோம். தேர் கடந்தவுடன் அனைவரும் வீதி நடுவை நோக்கி மீள, நாமும் உடன் இழுக்கப்படுகின்றோம். முதலிற் சுவர்ப்பக்கம், பின்பு வீதிப்பக்கம் என்னும் இவ்விரு தள்ளல்களைக் கொண்டே, பருத்த ஒன்று நம்மைக் கடந்து சென்றது என்பதையும், எத்துணை நேரத்திற் சென்றது என்பதையும் தேரைக் காணாமலே நாம் சொல்லிவிடலாம். துணைக்கோள்களும் அவ்வாறே சொல்லின. எல்லையை ஒட்டிப் பருத்ததொரு காந்தக் குழாய் அவற்றைக் கடந்து சென்றது. அதன் குறுக்களவு பூமியின் ஆரத்திற்கு ஒப்பானது. வேகம் நொடிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர். வடபாதியிற் புறநோக்கிப் பின் உள்நோக்கும் சாய்வு, தென்பாதியில் முறைமாறி வரும். குழாய்கள் முகப்பில் தோன்றி வடக்கும் தெற்குமாகப் பிரிந்து செல்கின்றமையின் அவ்வாறு நிகழ்கின்றது.

குழாயினுள்ளே துணைக்கோள் நேரே புகுந்த வேளைகளில் இன்னுமொன்று தெரிந்தது. எல்லைக்கு அகத்தேயுள்ள துகள்கள் மிக வெம்மையும் அருமையும் உடையன. புறத்தேயுள்ளவை வெம்மை குறைந்து செறிவு மிக்கன. குழாயினுள் இரண்டும் கலந்திருந்தன. தனித்தனியே இருக்க வேண்டிய இருவகை நீர் ஒரு வாய்க்காலிற் கலந்திருக்கக் கண்டால், மடை எங்கோ திறந்துள்ளது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? மீளிணைவு நிகழ்கின்றது, ஆனால் நீங்காது நிகழ்வதன்று, கணந்தோறும் விட்டுவிட்டு நிகழ்வது என்று ரஸ்ஸலும் எல்ஃபிக்கும் கூறினர். நாளடைவிற் பல கடப்புக்களை எண்ணிப் பார்த்ததில், தெற்கு நோக்கிய காந்தம் நிலவும்போது சராசரியாக எட்டு நிமிடத்திற்கொன்று வருவதாகக் கணக்கு வந்தது. சராசரி என்பதை நம் இளைஞர் அழுத்தமாக மனத்திற் கொள்வாராக. இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்தது வருதலும் உண்டு. நெடுநேரம் வாராதிருத்தலும் உண்டு. கடிகாரம்போல் எட்டு நிமிடத்திற்கொருமுறை கதவு திறப்பதாகச் செய்தி எழுதியவர், சராசரியை விதியாக்கிவிட்டனர்.

இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் அவர்கள் இட்ட பெயரைத் தமிழாக்கினால் 'காந்தப் பாயம் இடமாறும் நிகழ்ச்சி' என்றாகும். ஓரிடத்தின் குறுக்கே செல்லும் விசைக்கோடுகளின் மொத்தத்தைப் பாயம் என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன; பாய்தல் என்னும் வினையடியாகப் பிறந்தமையின் நற்சொல்லே. பகற்பக்கத்துப் பாயம் இரவுப்பக்கத்து வாலுக்கு இடம் மாறுகின்றது என்பது கருத்து. இதனைப் பாயமாற்றம் என்று சுருக்கிக்கொள்வோம். எமக்கு அப்பெயரிற் பிடித்தது கடைச்சொல்லாகிய 'நிகழ்ச்சி' என்பது. குழாய் என்றோ வாயில் என்றோ பெயரிட்டிருக்கலாம். அங்ஙனஞ் செய்யாது, தாம் உறுதியாய் அறிந்தது ஒரு நிகழ்ச்சியே என்று அளவோடு நின்றனர். வாயில் என்னுஞ் சொல்லாற் குழந்தைகள் உறக்கம் இழந்ததை நோக்க, அவ்வடக்கம் எத்துணைப் பெரிதென்பது புலனாகும்.

அவ்வடக்கம் வீண்போகவில்லை. 1990ஆம் ஆண்டில் டேவிட் சிபெக் என்பார் வலியதோர் ஐயத்தைக் கிளப்பினர். சூரியக் காற்று ஒருசீராய் வீசுவதன்று. அதில் செறிந்த பகுதியும் நொய்ந்த பகுதியும் மாறி மாறி வருகின்றன. செறிந்த பகுதி வந்து மோதினால் எல்லை உட்குழியும். நொய்ந்த பகுதி வந்தால் புடைக்கும். அக்குழிவும் புடைப்பும் அலையாகி எல்லைமேல் ஓடும். அலை கடக்குங்காலும் காந்தம் ஒருபுறஞ் சாய்ந்து மறுபுறஞ் சாயுமன்றோ? அலையசைவால் துணைக்கோள் எல்லையோரத்துக் கலப்படலத்தினுள் ஒரு கணம் புகுந்து மீண்டாலும், இருவகைத் துகளுங் கலந்து தோன்றுமன்றோ? ஆகவே நீங்கள் பாயமாற்றம் என்று எண்ணியவற்றுட் பல வெறும் அலைகளாயிருத்தல் கூடும் என்றனர். தேர் கடந்தது என்று நாம் நினைத்தது, கூட்டத்தில் யாரோ தள்ளியதால் எழுந்த நெருக்கமாகவும் இருக்கலாம் என்பது போன்றது இது.

இவ்வழக்குச் சில ஆண்டுகள் கடுமையாக நடந்தது. எதிர்ப்பக்கத்தார் கூறிய சிறந்த விடை, இந்நிகழ்ச்சிகள் காந்தம் தெற்கு நோக்கும்போதே மிகுதியாக வருகின்றன என்பது. காற்றின் மோதல் தெற்கும் வடக்கும் பாராது. மீளிணைவே திசை பார்ப்பது. ஆயினும் தனித்தனி நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் இன்னது என்று பிரித்துச் சொல்வதற்கு அது போதாது. அலையாயின் எல்லை ஒருபக்கங் குழிந்து மறுபக்கம் புடைக்கும். குழாயாயின் இருபக்கமும் புடைக்கும். எனவே உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் நின்று காண்போர் வேண்டும். இரண்டு துணைக்கோள்களும் போதாவாயின.

நான்கு துணைக்கோள்களை அனுப்ப முயன்ற ஐரோப்பியர்க்கு நேர்ந்த இழப்பைச் சொல்லாது விடலாகாது. கிளஸ்டர் என்னும் பெயருடைய அந்நான்கும், 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஏரியான் 5 ஏவுகலத்தின் முதற் பயணத்தில் ஏற்றப்பட்டன. எழுந்து ஒரு நிமிடமும் ஆகுமுன் ஏவுகலம் வெடித்தது. பத்தாண்டு உழைப்பு கடற்கரைச் சதுப்பிற் சிதறி வீழ்ந்தது. அவர்கள் மறுபடியும் நான்கு செய்து 2000ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்தினர். பின்னர் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தெமிஸ் என்னும் ஐந்து துணைக்கோள்கள் ஒரே கலத்தில் ஏவப்பட்டன. அவை முத்துமாலைபோல் ஒரே வழியில் நிரலே சென்ற முதல் மாதங்களில், மே 20ஆம் நாளில், பெரியதொரு பாயமாற்றம் அவற்றினிடையே கடந்தது. எல்லையின் உள்ளும் புறமும் நின்று அவை அதனைக் கண்டன. இருபுறமும் புடைப்பு, நடுவே வலிமை மிக்க காந்தம், அதனைச் சூழ்ந்து முறுக்கிய விசைக்கோடுகள். நம் தேர்வடத்தில் நடுப்புரியைச் சூழ மற்றைப் புரிகள் முறுக்கிக் கிடக்குமே, அவ்வமைப்பு. இதிற் சுவையான செய்தி, தெமிஸ் பணியின் அறிவியற் பொறுப்பாளராயிருந்தவர் முன்னர் ஐயம் எழுப்பிய அதே டேவிட் சிபெக்தான் என்பது. ஐயுற்றவரையே ஆய்வுக்குத் தலைமை தாங்கச் செய்த அவ்வழக்கத்தை, சங்கத் தேர்தல்களில் மாற்றுக்கருத்துடையாரை ஒதுக்கிவைக்கும் நாமும் சற்றே எண்ணிப் பார்க்கலாம். இது பொருளுக்குப் புறம்பானது, பொறுத்தருள்க.

அலைகளும் இல்லாமற்போகவில்லை. இரண்டும் அங்கே உண்டு. எல்லை ஒரு முரசின் தோலைப்போல அதிர்ந்து ஒலிப்பதனை 2019ஆம் ஆண்டில் தெமிஸ் அளவைகளைக் கொண்டே வேறோர் ஆய்வினர் காட்டியுள்ளனர்.

குழாய் எங்ஙனம் உருவாகின்றது என்பதில் இன்றும் அறிஞர் ஒருமுகப்படவில்லை. ஓரிடத்தில் மடை திறந்து மூடுவதால் உண்டாகும் புடைப்பு என்பர் சிலர். எல்லையில் அருகருகே இரண்டு மூன்று மடைகள் திறக்க, அவற்றிடையே அகப்பட்ட விசைக்கோடுகள் முறுக்குண்டு வடமாகின்றன என்பர் வேறு சிலர். 1985ஆம் ஆண்டில் எழுந்த இக்கருத்தின் பக்கமே இன்றைய சான்றுகள் பல சாய்கின்றன. 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏவப்பட்ட எம்.எம்.எஸ். என்னும் நான்கு துணைக்கோள்கள், ஒன்றுக்கொன்று ஏழு கிலோமீட்டர் அளவான மிக நெருங்கிய இடைவெளியில் நின்று, விசைக்கோடு அறுந்து இணையும் இடத்தையே நேரிற் கண்டன. சில நூறு கிலோமீட்டர் அளவேயுள்ள இளங் குழாய்களையும் அவை கண்டன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துப் பெருவடங்களாகின்றனவோ என்பது இப்பொழுது ஆராயப்படுகின்றது.

பிற கோள்களிலும் இது உண்டு. புதன் கோளின் காந்தம் மிகச் சிறிது. அதன் எல்லை நிலத்தை ஒட்டியே கிடக்கின்றது. அங்கே இந்நிகழ்ச்சி ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மெசஞ்சர் விண்கலம் 25 நிமிடத்திற்குள் 163 பாயமாற்றங்களை எண்ணிற்று. மழை என்றே அதற்குப் பெயரிட்டனர்.

இனி, கேடு யாது என்னும் வினாவிற்கு வருவோம். வீட்டில் உறங்குங் குழந்தைக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. இவ்வாயில்களின் வழியே புகுந் துகள்கள் துருவத்தை நோக்கி இறங்கி, நிலத்திற்கு மேல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலேயே காற்றணுக்களில் மோதி ஓய்ந்துவிடுகின்றன. நம் பள்ளியில் உள்ள காந்த ஊசி ஒரு பாயமாற்றத்திற்கு இம்மியும் அசையாது. மனிதர் பிறப்பதற்கு முன்னிருந்தே இது நடந்து வருகின்றது. நாம் அறிந்தது 1978ஆம் ஆண்டில் என்பதே புதுமை.

ஆயின் கவலைக்கு இடமே இல்லை என்றுஞ் சொல்லோம். சூரியனிலிருந்து ஒரு பெருந்திரள் கிளம்பி, அதன் காந்தம் பல மணிநேரம் தெற்கு நோக்கியே நிற்குமாயின், மடைகள் ஓயாது திறந்து ஆற்றல் வாலில் நிரம்பி வழிகின்றது. அதுவே காந்தப்புயல். 1989ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் அத்தகைய புயலாற் கனடாவின் கியூபெக் மாநிலத்து மின்வலை ஒன்றரை நிமிடத்திற் சாய்ந்தது. அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணிநேரம் குளிரில் மின்சாரமின்றி இருந்தனர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் எழுந்த சிறு புயலொன்றே மேல்வளியை வெப்பமாக்கிப் பருக்கச் செய்து, புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் துணைக்கோள்களுள் ஏறத்தாழ நாற்பதை வீழ்த்திற்று. விளக்கும் நீரிறைக்கும் பொறியும் கைப்பேசியும் இவற்றை நம்பியிருக்குங் காலத்தில், வருங் காற்றின் காந்தம் எத்திசை நோக்கியது என்பதை முன்னரே அறிதல் இன்றியமையாதது. நம் நாட்டினர் 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஏவிய ஆதித்யா எல்1, பூமியிலிருந்து சூரியனை நோக்கிப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் முன்னே நின்று பணிபுரிகின்றது. அதிலுள்ள காந்தமானி அளப்பது இத்திசையையே. அங்கிருந்து காற்று நம் எல்லையைச் சேர ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும்.

இவ்வளவும் கருவிகள் கண்டவை. கண்ணாற் காண வழியுண்டோ என்று மாணவர் கேட்பர். உண்டு. நார்வே நாட்டிற்கு உரிய ஸ்வால்பார்டு என்னும் தீவுகள் வடதுருவத்திற்கு மிக அணித்தாக உள்ளன. மார்கழித் திங்களில் அங்கே நண்பகலிலும் சூரியன் எழுவதில்லை, வானம் இருண்டேயிருக்கும். பகற்பக்கத்து எல்லையிலிருந்து இறங்கும் விசைக்கோடுகள் வந்து ஊன்றுமிடம் நண்பகல் வேளையில் அத்தீவுகளின் தலைக்கு நேரே வருகின்றது. இரவில் தோன்றும் துருவ ஒளியை உலகறியும். இங்கோ அது நண்பகலில் தோன்றுகின்றது. காந்தம் தெற்கு நோக்கிய நாட்களில், செந்நிறம் மிக்க ஒளிப்பட்டை ஒன்று தென்வானிற் கிளம்பி, மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்து மங்குகின்றது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து, முன்னது கிளம்பிய இடத்திலேயே அடுத்த பட்டை கிளம்புகின்றது. அறுபதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விசைக்கோடு ஒன்று மாறி இணைந்து, துருவத்தின் மேலாக இழுக்கப்பட்டுச் செல்லுங்கால், அதன் அடி நிலத்தின்மேல் நகரும் வழி அது. உறைபனியில் நிற்போர் அதனை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கலாம்.

நேரம் மிகுந்துவிட்டது. இவ்வளவில் அமைகின்றோம்.